முதல் இருபது பார்சல்: கோரமங்களா வீட்டில் தொடங்கிய ஒரு புத்தகக் கடை

2007-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகரிலிருந்து ஒரு புத்தகத்துக்கு ஆர்டர் வந்தது. ஜான் வுட் எழுதிய ‘லீவிங் மைக்ரோசாஃப்ட் டு சேஞ்ச் த வேர்ல்ட்’ என்ற புத்தகம். ஆர்டர் போய்ச் சேர்ந்த இடம் பெங்களூரு கோரமங்களாவில் ஒரு இரண்டு படுக்கையறை வீடு. அங்கே கடை நடத்திய இருவரிடமும் அந்தப் புத்தகம் இல்லை. வழக்கமாகக் கிடைக்கும் இடத்திலும் இல்லை. ஊரில் உள்ள புத்தகக் கடைகளில் தேடி அலைந்து, ஒரு பிரதியைப் பிடித்து, வாங்கி, பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் கடையிலிருந்து போன பார்சல்கள் மொத்தம் 20.

அந்தக் கடைதான் ஃபிளிப்கார்ட்.

2018-இல் வால்மார்ட் இந்த நிறுவனத்தின் 77 சதவீதப் பங்கை 1,600 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தத் தொகையைக் கேட்டதும், நமக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்று பலர் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் 2007 முதல் 2009 வரை இது உண்மையிலேயே சின்னக் கடை. முதலீடு 4 லட்சம் ரூபாய். தொடங்கியபோது ஆட்கள் இருவர். இருவருக்குமே கடை நடத்திய அனுபவம் கிடையாது. இன்று வீட்டிலிருந்து இணையத்தில் எதையாவது விற்க நினைக்கும் ஒருவர் பார்க்க வேண்டியது அந்த இரண்டு ஆண்டுகளைத்தான். இந்த ஆய்வும் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது.

முதலில் நினைத்தது வேறு

சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் சண்டிகரைச் சேர்ந்தவர்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தாலும் உறவினர்கள் அல்ல. டெல்லி ஐஐடியில் கம்ப்யூட்டர் படித்தவர்கள், பிறகு பெங்களூருவில் அமேசானின் மென்பொருள் பிரிவில் வேலை பார்த்தவர்கள். அப்போது அமேசான் இந்தியாவில் கடை திறந்திருக்கவில்லை. 2013-இல்தான் இங்கே விற்பனை தொடங்கியது.

வேலையை விட்டபோது அவர்கள் மனதில் இருந்தது விலை ஒப்பிடும் தளம். ஒரே பொருள் எந்த இணையக் கடையில் என்ன விலை என்று காட்டும் தளம். வேலையில் இறங்கிப் பார்த்தால், ஒப்பிடுவதற்கு இந்தியாவில் நல்ல கடைகளே அதிகம் இல்லை. சரி, அப்படியானால் கடையையே நாம் திறப்போம் என்று மாறினார்கள்.

இந்த இடத்தைப் பலர் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர் தன் முதல் யோசனையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார். சந்தையில் என்ன குறை என்று தெரிந்த பிறகும், லோகோ வரைந்துவிட்டோம், பெயர் வைத்துவிட்டோம் என்று அதையே பிடித்துக்கொண்டிருப்பார். இவர்கள் செலவு செய்வதற்கு முன்பே யோசனையை மாற்றிக்கொண்டார்கள். மாற்றிய பிறகும் இருவருக்கும் தெரிந்த வேலை, அதாவது மென்பொருள் எழுதுவது, வீணாகவில்லை. வெளி ஆளுக்குப் பணம் கொடுத்து வெப்சைட் செய்யவேண்டிய தேவை இல்லாததால்தான் 4 லட்சம் அவ்வளவு நாள் தாங்கியது. ஒரு தையல்காரர் இணையக் கடை தொடங்கினால் அவருக்குக் காசு மிச்சமாகும் இடம் தையல். சமையல் தெரிந்தவருக்குச் சமையல். கையில் இருக்கும் தொழில் எந்தச் செலவைக் குறைக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏன் புத்தகம்

அமேசானும் 1995-இல் புத்தகத்தோடுதான் கடை திறந்தது. அதைப் பார்த்துச் செய்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் காரணம் பொருளிலேயே இருக்கிறது.

புத்தகம் கெட்டுப்போகாது. உடையாது. அளவு சரியில்லை என்று யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். நிறம் படத்தில் ஒன்றாகவும் கையில் வேறாகவும் இருக்கிறது என்ற புகார் வராது. ஒவ்வொரு பதிப்புக்கும் அதை மட்டும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் இருப்பதால், வாங்குகிறவர் கேட்பதும் நாம் அனுப்புவதும் ஒன்றுதான் என்பதில் குழப்பம் இல்லை. விலை சில நூறு ரூபாய்தான். பெயர் தெரியாத ஒரு கடையை நம்பிப் பார்க்க ஒருவர் துணியும் தொகை அது. அப்புறம், எவ்வளவு பெரிய கடையாலும் எல்லாப் புத்தகத்தையும் அலமாரியில் அடுக்க முடியாது. இணையக் கடைக்கு அலமாரியே வேண்டாம்.

இதைப் படிப்பவர் புத்தகம் விற்கப் போவதில்லை என்றாலும், இதே கேள்விகளைத் தன் பொருளிடம் கேட்டுப் பார்க்கலாம். சுடிதார் விற்கிறவருக்கு அளவுப் பிரச்சினை உண்டு, ஆகவே திருப்பி வருவது உண்டு. ஊறுகாய் விற்கிறவருக்குப் பாட்டில் உடையும், எண்ணெய் கசியும். மண்பாண்டத்துக்கு எடையும் உண்டு, உடைசலும் உண்டு. இதனால் அவற்றை விற்கக்கூடாது என்று சொல்லவில்லை. அந்தச் செலவை முதல் நாளே விலைக்குள் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறேன். புடவையில் அளவுப் பிரச்சினை இல்லை, ஆனால் நிறப் பிரச்சினை உண்டு. பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தையும் குழல்விளக்கில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்துப் போட்டாலே அதில் பாதி குறையும்.

மகபூப்நகர் என்ற ஊர்

முதல் வாடிக்கையாளர் பெங்களூருக்காரர் இல்லை என்பதைக் கவனியுங்கள். மகபூப்நகர் ஹைதராபாத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாவட்டத் தலைநகர். புதிதாக வந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் வேண்டுமென்றால் அங்கிருப்பவர் ஹைதராபாத்துக்கு பஸ் ஏற வேண்டும், போனாலும் கிடைக்கும் என்று உறுதி இல்லை. பெங்களூருவின் மையத்தில் இருப்பவருக்கு இணையக் கடை ஒரு வசதி. மகபூப்நகர்க்காரருக்கு அது இல்லாவிட்டால் புத்தகமே இல்லை.

நம் ஊர் ஆட்கள் இணையத்தில் விற்கத் தொடங்கும்போது முதலில் சென்னையைக் குறிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆள் அதிகம், பணம் அதிகம் என்பது காரணம். ஆனால் சென்னையில் அந்தப் பொருள் பத்துக் கடையில் கிடைக்கும். உடன்குடி கருப்பட்டி திருச்செந்தூர்ப் பக்கம் எல்லாக் கடையிலும் கிடைக்கலாம். நல்லது எது, கலப்படம் எது என்று தெரியாமல் தவிப்பவர் நாக்பூரிலோ புனேயிலோ குடியிருக்கும் தமிழர். தேவை எங்கே தவிப்பாக இருக்கிறதோ அங்கிருப்பவர்தான் தெரியாத கடையையும் நம்பிப் பணம் கட்டுவார்.

அந்த முதல் வாடிக்கையாளர் எப்படி வந்தார் என்பதும் சுவாரசியமானது. அவர் இணையத்தில் எழுதுகிறவர். அவர் எழுதியதன் கீழே சச்சின் தன் கடையின் இணைப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். அதைச் சொடுக்கித்தான் அவர் உள்ளே வந்தார். விளம்பரச் செலவு பூஜ்யம். வாசிக்கிற ஓர் ஆளைத் தேடிப் போய், அவர் வாசலில் நின்று, கடை திறந்திருக்கிறோம் என்று சொன்னதற்குச் சமம் அது.

புத்தகக் குறியும் தேடுபொறியும்

பெங்களூருவின் கங்காராம்ஸ் புத்தகக் கடை வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களிடம் இவர்கள் புத்தகக் குறி அட்டைகளைக் கொடுத்தார்கள். கடையில் தேடிய புத்தகம் கிடைக்காமல் வருகிறவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார். கிடைத்தவரும் அட்டையைத் தூக்கி எறியமாட்டார். வாங்கிய புத்தகத்துக்குள் செருகிக்கொள்வார். ஒவ்வொரு முறை புத்தகத்தைத் திறக்கும்போதும் கடையின் பெயர் கண்ணில் படும். அட்டை அச்சடிக்க ஆகும் செலவு மிகக் குறைவு. சாதாரணத் துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தால் பக்கத்துக் குப்பைத்தொட்டியில் போயிருக்கும்.

ஆனாலும் வளர்ச்சியைக் கொண்டுவந்தது அட்டை இல்லை. தேடுபொறி. இது இருவருக்கும் நன்றாகத் தெரிந்த வேலை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனிப் பக்கம், அதில் தலைப்பு, ஆசிரியர், ஐஎஸ்பிஎன் எல்லாம் ஒழுங்காக. ஒருவர் கூகுளில் ஒரு புத்தகத்தின் பெயரைத் தட்டினால், வாங்கும் எண்ணம் பாதி வந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் முதல் பக்கத்தில் இவர்கள் கடை நின்றது. புகழ்பெற்ற நாவலுக்குப் பலர் போட்டி போடுவார்கள். அதிகம் பேர் தேடாத ஒரு பொறியியல் பாடப் புத்தகத்துக்குப் போட்டியே இருக்காது. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து ஒன்றிரண்டாக ஆர்டர் வந்தாலும் கூட்டிப் பார்க்கும்போது அது ஒரு வியாபாரம்.

இன்று இன்ஸ்டாகிராமில் விற்கும் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ரீல்ஸ் ஓடுகிற வரை ஆர்டர் வருகிறது, ஓடாத வாரம் ஒன்றும் இல்லை. ஆட்கள் வேடிக்கை பார்க்கும் இடத்தில் நிற்பதற்கும், தேடி வருகிற இடத்தில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அது. பொருளின் பெயரை ஜனங்கள் எப்படித் தட்டுகிறார்களோ அப்படியே எழுதி, ஊர்ப் பெயரும் சேர்த்து, ஒரு சாதாரணப் பக்கமாவது சொந்தமாக வைத்திருப்பது நல்லது. கூகுள் மேப்பில் கடைப் பதிவு இலவசம். அதையும் நிறையப் பேர் செய்வதில்லை.

கையிருப்பு இல்லாத கடை

ஆர்டர் வந்த பிறகு புத்தகத்தை வாங்குவது என்பதுதான் அவர்களின் ஆரம்ப முறை. மொத்த விற்பனையாளர்களின் பட்டியலைத் தளத்தில் ஏற்றியிருந்தார்கள். வாடிக்கையாளர் முன்கூட்டியே பணம் கட்டுவார். அந்தப் பணத்தில் புத்தகத்தை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, பொட்டலம் கட்டி, கூரியரில் போட வேண்டும். கிடங்கு வாடகை இல்லை, விற்காமல் தேங்கும் சரக்கு இல்லை. 4 லட்சத்தில் கடை நடந்ததற்கு இது இரண்டாவது காரணம்.

இந்த முறையின் ஆபத்து முதல் ஆர்டரிலேயே தெரிந்துவிட்டது. பட்டியலில் இருக்கும், அலமாரியில் இருக்காது. பணம் வாங்கிவிட்டோம், பொருள் இல்லை. அந்த நிலையில் செய்யக்கூடியது இரண்டு: பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அல்லது லாபத்தை மறந்துவிட்டு எங்கிருந்தாவது வாங்கிக் கொடுக்கலாம். இவர்கள் இரண்டாவதைச் செய்தார்கள். சில்லறைக் கடையில் வாங்கிய புத்தகத்தை அனுப்பும்போது அந்த ஆர்டரில் நஷ்டம்தான் வந்திருக்கும். அந்த நஷ்டத்தை விளம்பரச் செலவாகக் கணக்கில் எழுதலாம் என்பது என் கருத்து. இன்றுவரை அந்தக் கதை சொல்லப்படுகிறது என்பதே அதற்குச் சாட்சி. ஆனால் நூறு ஆர்டரில் முப்பதுக்கு அப்படி அலைய முடியாது. ஆகவே கையிருப்பு உள்ளதா இல்லையா என்ற தகவலைச் சரியாக வைத்திருப்பது தொழிலின் மையமாகிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் மற்றவரின் புடவைப் படங்களை அனுப்பி மறுவிற்பனை செய்யும் பெண்கள் பலரும் இதே சிக்கலில்தான் மாட்டுகிறார்கள்: படம் இருக்கிறது, புடவை நேற்றே போய்விட்டது. ஆர்டர் எடுப்பதற்கு முன் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளும் பழக்கம் ஒன்றுதான் மருந்து.

ஒரு புத்தகத்தின் கணக்கு

ஃபிளிப்கார்ட்டின் உள்கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் புத்தக வணிகத்தின் வழக்கத்தை வைத்து ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை.

அட்டை விலை 300 ரூபாய். மொத்த வியாபாரி 35 சதவீதம் கழிவு தந்தால் நமக்கு 195-க்கு வரும். வாசகரை இழுக்க 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 240-க்கு விற்போம். கையில் நிற்பது 45 ரூபாய். கூரியருக்கு 30. அட்டைப்பெட்டி, டேப், பில் எல்லாம் சேர்த்து 6. பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 3 சதவீதம் பிடித்தால் 7 ரூபாய் 20 காசு. மீதி 1 ரூபாய் 80 காசு.

அந்த ஒரு ரூபாய் எண்பது காசில் வீட்டு வாடகை, மின்கட்டணம், சாப்பாடு எல்லாம் வர வேண்டும். ஒரு புத்தகம் மழையில் நனைந்து திரும்பி வந்தால், அதை ஈடுகட்ட நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் விற்க வேண்டும். தள்ளுபடியை 15 சதவீதமாகக் குறைத்தால் 255-க்கு விற்போம், மீதி 16 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதே கடை, அதே உழைப்பு. ஒரு வாடிக்கையாளர் இரண்டு புத்தகம் சேர்த்து வாங்கினாலும் கணக்கு மாறும், ஏனென்றால் கூரியர் செலவு இரண்டு மடங்காவதில்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால்தான் இலவச டெலிவரி என்று கடைகள் வைப்பது இதற்காகத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்காமல் விலை வைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பொருளின் விலையும் விற்கும் விலையும் மட்டும் பார்த்து, 45 ரூபாய் லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதம் கழித்து ஆர்டர் நிறைய வருகிறது, கையில் மட்டும் காசு இல்லை. தவறு உழைப்பில் இல்லை. பெட்டிக்கும் டேப்புக்கும் கூரியருக்கும் போன பணத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. கூரியர்க்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை; பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செண்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவது வழக்கம். முறுக்கு, அப்பளம், மூங்கில் கூடை விற்பவர்களை இது கடுமையாகத் தாக்கும். எடையில் அரைக் கிலோ, கட்டணத்தில் இரண்டு கிலோ.

ஆம்பூரிலிருந்து வந்தவர்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் நிறுவனர்கள் இருவரும் இல்லை. ஃபிளிப்கார்ட்டின் முதல் ஊழியர் ஆம்பூர் ஐயப்பா. நம் ஆம்பூர்க்காரர். பெங்களூருவில் ஒரு கூரியர் நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். மேலே படித்தால் பதவி உயர்வுக்கு உதவும் என்று ஒரு படிப்புக்காக விடுப்பில் போய்த் திரும்பி வந்தபோது, அவர் இடத்தில் வேறு ஆள் இருந்தார். ஒரு சின்ன இணையக் கடைக்குப் பார்சல் வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனார். பின்னி பன்சால் பேசிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். மாதச் சம்பளம் 8,000 ரூபாய். நியமனக் கடிதம் கொடுக்க ஆள் இல்லாத நிறுவனம் என்பதால் அதுகூட வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

எந்த ஆர்டர் வந்திருக்கிறது, எந்தப் புத்தகம் எந்த வியாபாரியிடம் நிற்கிறது, எது கூரியருக்குப் போய்விட்டது, எந்த வாடிக்கையாளர் இரண்டு முறை போன் செய்தார், எல்லாம் ஐயப்பாவின் தலைக்குள் இருந்தது. கணினியைத் திறந்து பார்க்காமலே பதில் சொல்வார் என்று நிறுவனர்கள் பின்னாளில் வியந்து பேசியிருக்கிறார்கள். அவருக்கு நிறுவனத்தில் பங்கும் கொடுத்தார்கள். அதன் மதிப்பு பிறகு கோடிகளில் உயர்ந்ததைப் பத்திரிகைகள் எழுதின.

இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் முதலில் வேலைக்குச் சேர்த்தது மூன்றாவது மென்பொருள் பொறியாளரை இல்லை, கூரியர் தெரிந்தவரை. தங்களுக்குத் தெரியாத வேலை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த ஊருக்கு எந்தக் கூரியர் ஒழுங்காகப் போகும், பார்சல் எங்கே தேங்கும், மழைக்காலத்தில் எப்படிக் கட்ட வேண்டும், இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காத அறிவு. நம் ஊரில் தனியாகத் தொடங்குகிறவர் முதல் சம்பளத்தைச் சமூக ஊடகம் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுப்பதை நிறையப் பார்க்கிறேன். பொட்டலம் கட்டுவதும், போன் எடுத்துப் பதில் சொல்வதும் யார் வேண்டுமானாலும் செய்யும் வேலை என்று நினைப்பு. வாடிக்கையாளர் நேரில் பார்ப்பது அந்தப் பொட்டலத்தை மட்டும்தான்.

வீட்டிலேயே ஐயப்பா போல ஓர் ஆள் இருப்பார். கணக்கு சரியாக நினைவில் வைத்திருக்கும் அக்காவோ, தபால் ஆபீஸில் எல்லோரையும் தெரிந்த மாமாவோ. அவர்களுக்கும் வேலைக்கு ஏற்ற கூலி எழுதி வையுங்கள். வீட்டாள்தானே என்று விட்டால், கடையின் உண்மையான செலவு உங்களுக்கே தெரியாமல் போகும்.

எதுவரை பின்பற்றலாம்

நிறுவனம் சொன்ன கணக்குப்படி 2008-09 நிதியாண்டில் விற்பனை 4 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 20 கோடி. அதற்கடுத்த ஆண்டு 75 கோடி. நடுவில் 2009-இல் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் 10 லட்சம் டாலர் முதலீடு செய்தது; 2010-இல் டைகர் குளோபல் என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனம் 1 கோடி டாலர் கொண்டுவந்தது. புத்தகத்தைத் தாண்டி மொபைல் போன் வரை போனார்கள், டெலிவரிக்குச் சொந்த ஆட்களை வைத்தார்கள்.

2010-இல்தான் கேஷ் ஆன் டெலிவரி வந்தது. கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் சிலர்தான், வைத்திருந்தவர்களுக்கும் இணையத்தில் எண்ணைத் தட்டப் பயம். 2002-இல் ஐஆர்சிடிசி இணைய டிக்கெட்டைக் கொண்டுவந்து நம் ஜனங்களைக் கொஞ்சம் பழக்கியிருந்தது, ஆனால் ரயில்வேயை நம்புவது வேறு, பெயர் தெரியாத கடையை நம்புவது வேறு. பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள் என்றதும் அந்தத் தயக்கம் உடைந்தது. நாடு முழுவதும் இணைய வியாபாரம் பரவ இந்த ஒன்று செய்த உதவி மிகப் பெரியது.

ஆனால் இதற்குப் பின்னால் முதலீட்டாளர் பணம் இருந்தது. கேஷ் ஆன் டெலிவரியில் பணம் பல நாள் கழித்துத்தான் கைக்கு வரும். அதுவரை சரக்கு வாங்க வேறு பணம் வேண்டும். கதவைத் திறந்து ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் போன கூரியர் செலவு, திரும்பி வந்த செலவு இரண்டும் நம் தலையில். ஃபிளிப்கார்ட் அதைத் தாங்கியது. பல ஆண்டுகள் நஷ்டத்திலேயே ஓடியது. வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறவர் தாங்க முடியாது. 2016-க்குப் பிறகு யுபிஐ வந்துவிட்டது. தெரியாத கடைக்கு முன்பணம் அனுப்பத் தயங்குகிறவரிடம் கூரியர் செலவை மட்டுமாவது முன்கூட்டி வாங்கிக்கொள்ளலாம். அந்த நூறு ரூபாய் கட்டியவர் கதவைத் திறந்து வேண்டாம் என்று சொல்வது அபூர்வம்.

தள்ளுபடியும் அப்படித்தான். பெரியவர்கள் தரும் விலையைப் பார்த்து நாமும் குறைத்தால், அவர்கள் அடுத்தவர் பணத்தில் குறைக்கிறார்கள், நாம் நம் பணத்தில் குறைக்கிறோம். இதற்கு ஒரு துயரமான உதாரணம் அதே பெங்களூருவில் உண்டு. கே. வைத்தீஸ்வரனும் நண்பர்களும் 1999-இலேயே ஃபேப்மார்ட் என்ற இணையக் கடையைத் தொடங்கியவர்கள். பின்னாளில் அது இந்தியாபிளாசா ஆயிற்று. இந்திய இணைய வணிகத்தின் முன்னோடி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். முதலீட்டாளர் பணத்தோடு வந்தவர்களின் விலைப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 2013-இல் அந்தக் கடை மூடப்பட்டது. முன்னால் வந்தவர், தொழில் தெரிந்தவர், ஆனாலும் நிற்க முடியவில்லை. அந்தப் போருக்குள் நாம் போகவே கூடாது. நம்மிடம் மட்டும் கிடைக்கும் பொருள், நம் கைப்பக்குவம், நம் பதில் சொல்லும் வேகம், இவற்றை வைத்து விலை வைக்க வேண்டும்.

காகித வேலை

2007-இல் இல்லாத சில கடமைகள் இன்று உண்டு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் இருக்கலாம். வேறு மாநிலத்துக்கு விற்றால், சில கைவினைப் பொருட்களுக்கான விலக்கு தவிர, தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு தேவை. பெரிய இணையச் சந்தைகளில் விற்கவும் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அது தளர்த்தப்பட்டது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. உணவுப் பொருள் என்றால் வீட்டில் செய்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும், பாக்கெட்டில் தயாரித்த தேதி, எடை, விலை, முகவரி இருக்க வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம். தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் ஆண்டு முடிவில் ஆடிட்டரிடம் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

முதல் இருபது

கோரமங்களா வீட்டில் மூன்று மாதத்தில் 20 பார்சல் என்றால், வாரத்துக்கு இரண்டுகூட இல்லை. இருவரும் நல்ல சம்பள வேலையை விட்டு வந்தவர்கள். அந்த வாரங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். முதல் மாதத்தில் ஐந்து ஆர்டர் வந்ததும் மனம் உடைந்து நிறுத்திவிடுகிறவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதுதான் இதை எழுத எனக்கு முதல் காரணம்.

ஆர்டர் இருபதே என்று குறைவாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொன்றையும் கவனிக்க நேரம் இருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆர்டர் வந்த தேதி, ஊர், அவர் நம்மை எப்படிக் கண்டுபிடித்தார், பொருளுக்கும் பெட்டிக்கும் கூரியருக்கும் போன பணம், போய்ச் சேர்ந்த தேதி. கடைசியில் ஒரு கட்டம் காலியாக விடுங்கள். பார்சல் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் போன் போட்டு, “பொருள் எப்படி வந்து சேர்ந்ததுங்க, உடைசல் ஏதும் இல்லையே?” என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். இருபது வரி நிரம்பியதும் நோட்டைத் திறந்து, எந்த ஊர் இரண்டு முறை வந்திருக்கிறது என்று பாருங்கள். இருபத்தொன்றாவது ஆளை அந்த ஊரில் தேடத் தொடங்கலாம்.